பெற்றோல் குழாயும் பிள்ளையின் உயிரும்

"பேரைப் போட வேண்டாம். ஆனால் நான் விட்ட பிழையை ஒளிக்காமல் எழுதுங்கள்."

எமது பணிமனைக்குத் தொலைபேசியில் வந்த ஒரு தந்தையின் குரல் இது. ஜேர்மனியின் ரூர் பகுதியில் வாழ்ந்துவரும் அவர், தமது மகன் பழைய கார் ஒன்றைப் பந்தயத்தடத்தில் ஓட்டுவதற்கெனத் திருத்தியமைத்து வருவதாகவும், அண்மையில் அக்காரினுள் பெற்றோல் கசிந்து பிள்ளை மயிரிழையில் தப்பியதாகவும் கூறினார். "கசிந்த குழாயைப் பூட்டியது வேறு யாருமில்லை, நான்தான்" என்று சொன்னபோது அவரது குரல் தளர்ந்திருந்தது.

அடுத்து வந்த சனிக்கிழமை நாம் அங்கு சென்றோம். தொழிற்சாலைகள் நிறைந்த ஒரு புறநகர்த் தெருவில், நான்கு இளைஞர்கள் சேர்ந்து வாடகைக்கு எடுத்திருந்த சிறிய கராஜ் அது. நடுவே, ஆசனங்களும் கம்பளங்களும் கழற்றப்பட்ட நிலையில், 1990களில் தயாரான பி.எம்.டபிள்யூ. மூன்றாம் வரிசைக் கார் ஒன்று தாங்கிகளின் மேல் நின்றது. வீதிப் பதிவு நீக்கப்பட்ட வண்டி. இழுவை வண்டியில் ஏற்றிச் சென்று, மூடிய தடங்களில் பணம் கட்டி ஓடும் நாட்களில் மட்டுமே ஓட்டப்படுவது. இன்று இலண்டனிலும் பாரிசிலும் ரொறொன்ரோவிலும் எமது பிள்ளைகள் பலர் இந்த ஆர்வத்தில் ஈடுபட்டுள்ளனர். அதைக் குறைகூறுவது எமது நோக்கமன்று. தெருவில் வேகம் காட்டுவதைவிடத் தடத்தில் ஓடுவது மேலானதே. ஆனால் அந்த வண்டியினுள் ஓடும் ஒரு விரற்பருமனான குழாய் பற்றிப் பெற்றோரும் பிள்ளைகளும் அறிந்திருக்க வேண்டியவை சில உள்ளன.

நடந்தது என்ன?

முப்பது ஆண்டு பழைமையான அந்தக் காரின் அடித்தளத்தின் கீழே செல்லும் உருக்குக் குழாய்கள் துருவேறியிருந்தன. வண்டியைத் தாழ்த்தியிருந்தமையால் அடிப்பகுதி தடத்தின் விளிம்புக் கற்களிலும் உரசிவந்தது. எனவே குழாயை வண்டியின் உட்புறமாகக் கொண்டுசெல்ல முடிவு செய்தனர். அதுவரை சரி. ஆனால் தந்தையார் கடையில் மீற்றர் கணக்கில் வாங்கிய சாதாரண இறப்பர் குழாயைப் பயன்படுத்தினார். ஒரு துண்டு நீளம் போதாமையால் இரண்டு துண்டுகளைப் பித்தளை இணைப்பான் ஒன்றினால் பொருத்தி, திருகு வளையம் இட்டு இறுக்கினார். அந்த மூட்டு பயணியின் ஆசனத்திற்குக் கீழே அமைந்தது. குழாயைப் பிளாஸ்ரிக் நாடாவினால் ஆசனத்தின் இரும்புத் தாங்கியோடு கட்டினார். பின்பெட்டியில் வைக்கப்பட்ட பற்றரியிலிருந்து வரும் தடித்த மின்கம்பியும் அதே வழியில், அதே நாடாவில் கட்டப்பட்டிருந்தது.

மூன்றாவது ஓட்டநாளில், அருகிலிருந்த நண்பன் பெற்றோல் மணப்பதாகக் கூறியதும் மகன் வண்டியைத் தடத்தைவிட்டு விலக்கி நிறுத்தி, மின்சாரத்தைத் துண்டித்துவிட்டு இறங்கினார். ஆசனத்தின் கீழே உலோகத் தளம் ஈரமாகியிருந்தது. மூட்டு வியர்த்து ஒழுகியது. இரும்புத் தாங்கியில் உரசிய இடத்தில் குழாயின் மேற்றோல் அரைவாசி தேய்ந்திருந்தது. மின்கம்பியின் உறையும் அதேயிடத்தில் தேயத் தொடங்கியிருந்தது. இன்னும் சில சுற்றுக்கள் ஓடியிருந்தால் என்ன நிகழ்ந்திருக்கும் என்பதை நாம் விவரிக்கத் தேவையில்லை.

மண்ணெண்ணெய்க் காலத்து நம்பிக்கை

இந்தத் தந்தை அனுபவமற்றவர் அல்லர். யாழ்ப்பாணத்தில் 1990இன் பின்னர் பெற்றோல் தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில் வண்டிகளை ஓடவைத்த கைகள் அவருடையவை. காபுரேற்றருக்குள் சில துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தை உசுப்பி, பின் மண்ணெண்ணெயில் ஓடவிட்ட கதையை எமது வாசகர்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கிடைத்த குழாயைக் கொழுவி, கிடைத்த கம்பியால் கட்டி, நோயாளரையும் முதியோரையும் ஏற்றிச்சென்ற நாட்கள் அவை. அந்தக் கைத்திறன் பலரின் உயிரைக் காத்தது.

ஆனால் அதே கைத்திறன் இங்கே ஆபத்தாக மாறியதன் காரணத்தை மகனே எமக்கு விளக்கினார்: "அப்பா ஓட்டினது மண்ணெண்ணெய். அதுவும் தாங்கியிலிருந்து தானாக வடிந்து வந்தது. இது பெற்றோல். பம்பி தள்ளிக்கொண்டு வருகிறது."

இதில் உண்மை உண்டு. மண்ணெண்ணெயின் ஆவி தீப்பற்றுவதற்குச் சுமார் 38 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பம் வேண்டும். பெற்றோலோ பூச்சியத்திற்குக் கீழே 40 பாகையளவிலேயே தீப்பற்றத்தக்க ஆவியை வெளிவிடுகிறது. காற்றில் அந்த ஆவி சுமார் 1.4 வீதம் கலந்தாலே போதும், ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும். அது காற்றைவிடப் பாரமானது. ஆதலால் கலைந்து மேலே போகாமல், வண்டியின் தளத்தில் தொட்டியில் நீர் தேங்குவதுபோல் தேங்கும்.

அமுக்கமும் வேறு. பழைய காபுரேற்றர் வண்டிகளில் குழாயினுள் இருக்கும் அமுக்கம் அரைப் பார் அளவையும் தாண்டுவதில்லை. எரிபொருளை விசிறும் பிற்கால இயந்திரங்களில் அது 3 முதல் 4 பார் வரை இருக்கும். மணிக்கு 100 லீற்றர் தள்ளும் பம்பி ஒன்று, குழாய் அறுந்தால் நிமிடத்திற்கு ஒன்றரை லீற்றருக்கு மேல் வெளியே கொட்டும். மண்ணெண்ணெய் வண்டியில் சொட்டுச் சொட்டாக ஒழுகியிருக்கக்கூடியது, இங்கே பீச்சியடிக்கும்.

பெரிய களங்கள் தந்த பாடம்

மோட்டார்ப் பந்தய உலகம் இந்தப் பாடத்தை உயிர்களைக் கொடுத்தே கற்றது. 1976 ஆவணி முதலாம் நாள் நூர்பேர்க்ரிங் தடத்தில் ஒஸ்திரிய வீரர் நிக்கி லவ்டாவின் ஃபெராரி தீப்பிழம்பாகியது. சக ஓட்டுநர்கள் நால்வர் தமது வண்டிகளைவிட்டு இறங்கி அவரை இழுத்தெடுத்தனர். அவர் ஆறு வாரங்களில் மீண்டும் களமிறங்கி மொன்சாவில் நான்காவதாக வந்தமை வரலாறு. எரிந்த முகத்தின் தழும்புகள் 2019இல் அவர் மறையும்வரை அவருடனேயே இருந்தன.

2020 கார்த்திகை 29ஆம் நாள் பஹ்ரெயினில் பிரெஞ்சு வீரர் ரொமாய்ன் குறோஜோனின் வண்டி மணிக்கு 192 கிலோமீற்றர் வேகத்தில் தடுப்பில் மோதி இரண்டாகப் பிளந்து எரிந்தது. 27 செக்கன்களின் பின்னர் அவர் தீயினுள்ளிருந்து தாமாகவே வெளியேறினார். கைகளில் தீக்காயம் ஏற்பட்டது. சர்வதேச மோட்டார் வாகனச் சம்மேளனமான எஃப்.ஐ.ஏ. நடத்திய விசாரணையில், எரிபொருள் வெளியேறியதற்கு இரண்டு முக்கிய வழிகள் காட்டப்பட்டன. ஒன்று, தாங்கியின் இடப்பக்கப் பரிசோதனை மூடி இடம்பெயர்ந்தமை. மற்றையது, இயந்திரத்திற்குச் செல்லும் எரிபொருள் இணைப்பு தாங்கியின் பாதுகாப்புப் பையிலிருந்து பிய்ந்தமை.

உலகின் அதிசிறந்த பொறியியலாளர்கள் அமைத்த வண்டியிலேயே மூடியும் மூட்டும்தான் விட்டுக்கொடுத்தன. அப்படியாயின், ஒரு சனிக்கிழமை மாலையில் நாம் ஆசனத்தின் கீழ் வைத்த பித்தளை மூட்டு எம்மாத்திரம்?

எந்தக் குழாய்?

கடையில் "பெற்றோல் குழாய்" என்று கேட்டால் ஏதோவொன்றைத் தருவார்கள். குழாயின் உடலில் அச்சிடப்பட்டிருப்பதை வாசிக்க வேண்டும். அமெரிக்க எஸ்.ஏ.ஈ. தரத்தில் ஜே30 ஆர்7 என்று குறிக்கப்பட்டது குறைந்த அமுக்கத்திற்கும், திரும்பு குழாய்க்கும், ஆவிக் குழாய்க்கும் உரியது. விசிறும் இயந்திரத்திற்கு ஆர்9 வேண்டும்; அது சுமார் 7 பார் வரை தாங்கும். தாங்கிக்குள்ளே எரிபொருளில் மூழ்கிக் கிடக்கும் குழாய்க்கு ஆர்10 என்ற தனித்தரம் உண்டு. மற்றையவை உள்ளிருந்து மட்டுமே பெற்றோலைத் தாங்கவல்லவை. வெளியிலிருந்தும் ஊறினால் வீங்கிச் சிதையும். ஜேர்மனியில் டின் 73379 என்ற தர இலக்கத்தையும் காணலாம். எந்த எழுத்தும் இல்லாத குழாயை வாங்க வேண்டாம்.

பெற்றோலும் மாறிவிட்டது. ஜேர்மனியில் 2011 முதலும், பிரித்தானியாவில் 2021 புரட்டாதி முதலும் பத்து வீதம் வரை எதனோல் கலந்த ஈ10 பெற்றோல் விற்பனையாகிறது. பழைய இறப்பர் வகைகளை எதனோல் கடினமாக்கி வெடிக்கச் செய்யும். பல ஆண்டுகளாக அலுமாரியில் கிடந்த குழாய் "புதியது" ஆகாது.

உலோகக் குழாய்களில், சாதாரண உருக்கு வலிமையானது, ஆனால் துருப்பிடிக்கும். துருப்பிடிக்காத உருக்கு சிறந்தது, ஆனால் வீட்டுக் கருவிகளால் வளைப்பதும் வாய்விரிப்பதும் கடினம். செப்பும் நிக்கலும் கலந்த குழாய் கையால் வளையும், துருவும் ஏறாது. மென்மையான அலுமினியக் குழாய் மலிவானது. ஆனால் அதிர்விலும் திரும்பத்திரும்ப வளைவதிலும் இறுகிப்போய் ஒருநாள் வெடிக்கும். தனிச் செப்பின் குணமும் அதுவே.

வளையும் குழாய்களில், உருக்கிழை பின்னிய குழாய் இளைஞர்களின் கண்ணைக் கவர்வது. ஆனால் பின்னல் வெளியே பளபளக்க, உள்ளிருக்கும் இறப்பர் சிதைந்திருக்கலாம், கண்ணுக்குத் தெரியாது. உள்ளே ரெஃப்லோன் பூசிய வகை எதனோலுக்கும் அசையாது, மணத்தையும் வெளிவிடாது. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: வேகமாகப் பாயும் பெற்றோல் நிலைமின்னை உண்டாக்கும். சாதாரண வெள்ளை ரெஃப்லோனில் அந்த மின் பொறியாகப் பாய்ந்து ஊசித்துளைகளை ஏற்படுத்தக்கூடும். ஆதலால் கரி கலந்து மின்கடத்தும் தன்மை பெற்ற கறுப்பு உட்குழாய் உள்ளதையே எரிபொருளுக்கு வாங்க வேண்டும். மேலும், உருக்குப் பின்னல் ஓர் அரம் போன்றது. தொட்டுக்கொண்டிருக்கும் எதையும், மின்கம்பியாயினும் தகடாயினும், அது அறுத்துவிடும்.

எஃப்.ஐ.ஏ.யின் பின்னிணைப்பு ஜே, 253ஆம் பிரிவு, தொழிற்சாலையில் பூட்டிய மூலக் குழாய்களை அப்படியே வைத்திருக்க அனுமதிக்கிறது. மாற்றினால், எரிபொருள் குழாய் 135 பாகை வெப்பத்தில் 70 பார் அமுக்கம் வரை வெடிக்காதிருக்க வேண்டும் என்கிறது. ஓடுவது நான்கு பாரில், தாங்க வேண்டியது எழுபது! இதனை மிகை என்று எண்ண வேண்டாம். விபத்தின்போது குழாய் படும்பாட்டிற்கே அந்த இடைவெளி.

மூட்டும் அளவும்

பந்தய உதிரிப்பாகங்களில் ஏ.என். என்ற எழுத்துக்களோடு ஆறு, எட்டு என இலக்கங்கள் காணப்படும். அமெரிக்கத் தரைப்படையும் கடற்படையும் வகுத்த தரம் அது. இலக்கம் என்பது பொருந்தும் உலோகக் குழாயின் வெளிவிட்டம், அங்குலத்தின் பதினாறில் ஒரு பங்குகளில். ஆறு என்றால் பதினாறில் ஆறு, அதாவது 9.5 மில்லிமீற்றர். எட்டு என்றால் அரை அங்குலம், 12.7 மில்லிமீற்றர். சாதாரண நான்கு அல்லது ஆறு உருளை இயந்திரத்திற்கு ஆறாம் இலக்கம் தாராளம். பெரிய குழாய் போட்டால் சக்தி கூடும் என்பது வீண் நம்பிக்கை.

அந்த மூட்டுக்களின் கூம்பு வாய் 37 பாகைச் சரிவுடையது. கார்களில் பொதுவாகக் காணப்படும் எஸ்.ஏ.ஈ. வாய்விரிப்பு 45 பாகை. இரண்டும் ஒன்றோடொன்று திருகுப்படுவது போலத் தோன்றலாம், ஆனால் ஒழுகும். ஒழுகுவதை நிறுத்த வெள்ளை நாடாவைச் சுற்றுவோர் உள்ளனர். கூம்பு மூட்டுக்கு நாடா தேவையில்லை. அதன் நார்கள் பிய்ந்துபோய் விசிறியின் வாயை அடைக்கும்.

இறப்பர் குழாய்க்கு வரிவெட்டுள்ள திருகு வளையம் கூடாது. அது இறப்பரை வெட்டும். விளிம்பு மழுங்கிய, சுற்று முழுவதும் சமமாக இறுக்கும் வளையமே வேண்டும். அது பற்றும் குழல்வாயில் புடைப்பு இருக்க வேண்டும். வெறும் வழுவழுப்பான குழலில் ஏற்றினால் அமுக்கம் கழற்றிவிடும்.

உள்ளேயா, வெளியேயா?

இதுவே முக்கிய கேள்வி. முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். வண்டியைத் தயாரித்தவர்கள் அமைத்த வழி பெரும்பாலும் நல்ல வழி. தாழ்த்தப்படாத, அடி உரசாத காராயின், துருவேறிய குழாயை அதே வழியில் புதியதால் மாற்றுவதே மேலானது.

வெளியே செல்லும் குழாய் ஒழுகினால் நிலத்தில் சிந்தும். சாரதியின் மடியில் சிந்தாது. ஆனால் கல்லடியும், உரசலும், துருவும் அதன் பகைவர். உள்ளே செல்லும் குழாய்க்கு இவற்றிலிருந்து பாதுகாப்பு உண்டு. ஆனால் ஒழுகினால் ஆவி தேங்குவது பிள்ளை இருக்கும் அறையில். ஆதலாலேயே எஃப்.ஐ.ஏ. விதி, எரிபொருள் குழாய் ஓட்டுநர் அறையினூடு செல்லலாம், ஆனால் முன், பின் தடுப்புச் சுவர்களில் தவிர உள்ளே எந்த மூட்டும் இருக்கலாகாது என வரையறுத்துள்ளது. எமது தந்தையார் மீறியது இந்த விதியையே. குழாய் ஒழுகுவது அரிது. மூட்டு ஒழுகுவதே வழக்கம். மூட்டில்லாத ஒரே துண்டு என்றால் உள்வழியின் ஆபத்தில் பெரும்பங்கு நீங்கிவிடும்.

வழியைத் தெரிவு செய்கையில் நாம் கேட்டறிந்த விதிகள் இவை:

கதவோரப் பக்கங்களைத் தவிர்க்க வேண்டும். பக்கவாட்டு மோதலில் முதலில் நசிவது அதுவே. வண்டியின் நடுவே எழும் சுரங்கத்தை ஒட்டிச் செல்வது பாதுகாப்பானது. எனினும் சுரங்கத்தின் கீழே புகைக்குழாய் ஓடுமாதலால், தகட்டிலிருந்து சற்று உயர்த்தி, வெப்பம் குறைந்த பக்கத்தில் வைக்க வேண்டும்.

மின்கம்பியும் பெற்றோல் குழாயும் ஒரே பக்கத்தில் போகலாகாது. ஒன்று வலமென்றால் மற்றையது இடம். எங்கேனும் குறுக்கிட்டே தீரவேண்டுமெனில், இடைவெளி விட்டு, இரண்டையும் தனித்தனியே பிடித்துக்கட்ட வேண்டும்.

இறப்பர் உறையிட்ட உலோகப் பிடிகளால் ஏறக்குறைய 30 சென்ரிமீற்றருக்கு ஒன்று வீதம் வண்டியின் உடலோடு பிணைக்க வேண்டும். ஆசனம், மிதிபலகை, ஆசனப்பட்டி போன்ற அசையும் பொருள்களோடு ஒருபோதும் கட்டலாகாது. பிளாஸ்ரிக் நாடா பிடியாகாது.

தகட்டைத் துளைத்துச் செல்லுமிடத்தில் வெறும் துளையும் இறப்பர் வளையமும் போதா. சுவரோடு இறுகும் தடுப்புச்சுவர் மூட்டைப் பூட்ட வேண்டும். அது வழியையும் அடைக்கும், தீயையும் மறிக்கும்.

இயந்திரம் தனது தாங்கிகளில் ஆடும். ஆதலால் கடைசிச் சிறு துண்டு வளையும் குழாயாகவும், சற்றுத் தளர்வாகவும் இருக்க வேண்டும். புகைபோக்கித் திரளின் அருகே செல்ல நேர்ந்தால் வெப்பத்தடுப்புத் தகடும் தீக்காப்பு உறையும் அவசியம். கிளச்சும் பறக்குஞ்சில்லும் சுழலும் தளத்திற்கு நேரெதிரே குழாய் செல்லலாகாது. அவை சிதறினால் கத்தியாகப் பாயும்.

பம்பிகள் தள்ளுவதில் வல்லவை, உறிஞ்சுவதில் அல்ல. எனவே வெளியே பூட்டும் பம்பியைத் தாங்கிக்கு அருகே, தாழ்வாக வைக்க வேண்டும். பம்பிக்கு முன்னே பருமனான வடிகட்டியும், பின்னே நுண்ணிய வடிகட்டியும் இடுவர்.

இறுதியாக, தாங்கியின் காற்றுக்குழாயை மறக்கலாகாது. அது வண்டிக்கு வெளியே திறக்க வேண்டும். வண்டி கவிழ்ந்தால் மூடிக்கொள்ளும் அடைப்பானும் அதில் இருக்க வேண்டும்.

பம்பியை நிறுத்துவது யார்?

நல்ல குழாயும் பெருமோதலில் அறுந்துபோகலாம். அப்போது பம்பி தொடர்ந்து தள்ளினால் அது தீக்கு நெய்வார்ப்பதாகும். இயந்திரம் ஓடும்போதும், உசுப்பும்போதும் மட்டுமே பம்பி இயங்க வேண்டும் என்பது எஃப்.ஐ.ஏ.யின் கட்டாய விதி. தொழிற்சாலைக் கட்டுப்பாட்டுப் பெட்டி இதனைத் தானே செய்கிறது. ஆனால் எம்மவர் சிலர் பம்பிக்கு நேரடியாக ஓர் ஆளி பூட்டி, அது "பந்தய வண்டி போல" இருப்பதாக மகிழ்கின்றனர். மயங்கிக் கிடக்கும் ஒருவனால் ஆளியைத் தட்ட முடியாது. மோதலில் தானே துண்டிக்கும் சடத்துவ ஆளியும், வெளியிலிருந்தும் இழுக்கக்கூடிய முதன்மை மின்துண்டிப்பானும் பூட்டப்பட வேண்டும்.

திருத்திய விதம்

நாம் சென்ற நாளில் தந்தையும் மகனும் பழைய குழாயைக் கழற்றி மேசைமேல் வைத்திருந்தனர். "இதை எறிய மாட்டேன், கண்முன் தொங்கவிடப் போகிறேன்" என்றார் தந்தை.

புதிய குழாய் செப்பு நிக்கல் கலந்தது. பின்சுவரிலிருந்து முன்சுவர் வரை ஒரே துண்டு. முதலில் இரும்புக் கம்பியொன்றை வளைத்து வழியின் வடிவத்தைப் பார்த்துக்கொண்டு, பின்னர் வளைப்பான் கொண்டு குழாயை அதேபோல் வளைத்தனர். இரு சுவர்களிலும் தடுப்புச்சுவர் மூட்டுக்கள். அதற்கப்பால் தாங்கிக்கும் இயந்திரத்திற்கும் மின்கடத்தும் ரெஃப்லோன் குழாயின் குறுந்துண்டுகள். தாங்கியின் வாய்மூடி இருக்கும் இடம் உலோகத் தகட்டினால் இறுக அடைக்கப்பட்டது. பற்றரிக் கம்பி மறுபக்கத்திற்கு மாற்றப்பட்டது. திரும்பு குழாய்க்கும் அதே தரம்; அமுக்கம் குறைவாயினும் அதில் ஓடுவதும் பெற்றோலே.

வெட்டிய ஒவ்வொரு குழாயையும் மகன் காற்றூதித் துடைத்தே பூட்டினார். வெட்டும்போது விழும் இறப்பர்த் தூளும் உருக்கிழையும் விசிறிக்குள் போனால் இயந்திரம் எரிபொருளின்றி வாடி, அதிகச் சூட்டில் கெடும்.

பின்னர் சோதனை. இயந்திரத்தை இயக்காமல் பம்பியை மட்டும் பத்து நிமிடம் ஓடவிட்டு, ஒவ்வொரு மூட்டையும் வெள்ளைக் கடதாசியால் ஒற்றிப் பார்த்தனர். ஈரம் எதுவுமில்லை. முதல் ஓட்டத்தில் இயந்திரம் சூடேறி ஆறிய பின்பு மீண்டும் ஒருமுறை பார்ப்பதாகவும், அதன்பின் ஒவ்வொரு ஓட்டநாளுக்கு முன்னும் பார்ப்பதாகவும் மகன் கூறினார். இறப்பர் குழாய் எதுவாயினும் நிரந்தரமன்று. சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும்.

கராஜில் கவனம்

தீ தடத்தில் மட்டும் வருவதில்லை. குழாயைக் கழற்றுமுன் பம்பியின் உருகியைக் கழற்றி, இயந்திரம் தானே அணையும்வரை ஓடவிட்டால் அமுக்கம் இறங்கும். அதன்பின் பற்றரியைத் துண்டிக்க வேண்டும். குளிர்காலத்தில் எமது இளைஞர்கள் கராஜில் எண்ணெய் வெப்பமூட்டியை எரியவிட்டபடி வேலை செய்வதை நாம் கண்டுள்ளோம். பெற்றோல் ஆவி தளத்தோடு தவழ்ந்து அந்தச் சுவாலையைத் தேடிச் செல்லும். கதவைத் திறந்துவைத்துக் குளிரைச் சகிப்பதே வழி. பெற்றோல் தீக்கு நீர் ஊற்றலாகாது. நுரை அல்லது உலர்தூள் தீயணைப்பான் கைக்கெட்டும் இடத்தில், வாசலை நோக்கிய பக்கத்தில் இருக்க வேண்டும்.

சட்டமும் காப்புறுதியும்

பதிவுள்ள வண்டியில் இவ்வேலையைச் செய்வோர் சட்டத்தையும் அறிய வேண்டும். ஜேர்மனியின் வாகன அனுமதி ஒழுங்குவிதிகளில் 46ஆம் பிரிவு எரிபொருள் குழாய்களுக்கென்றே எழுதப்பட்டது. வண்டி முறுகுவதாலும் இயந்திரம் அசைவதாலும் குழாய் கெடாதிருக்க வேண்டும், ஒழுகும் அல்லது ஆவியாகும் எரிபொருள் எங்கும் தேங்காமலும் சூடான பாகங்களிலோ மின்கருவிகளிலோ பற்றாமலும் இருக்க வேண்டும் என அது விதிக்கிறது. ஆபத்து விளைவிக்கக்கூடிய மாற்றம் செய்தால் வண்டியின் இயக்க அனுமதியே இல்லாமற்போகலாம் என்பது 19ஆம் பிரிவு. பணத்தைக் கட்டி எவரும் ஓடக்கூடிய நூர்பேர்க்ரிங்கின் 20.8 கிலோமீற்றர் வடதடமும் அந்நேரங்களில் சட்டப்படி ஒரு பொதுவீதியே. அங்கு வீதித் தகுதியுள்ள வண்டியே ஓடலாம். பல காப்புறுதி ஒப்பந்தங்கள் தடத்தில் நிகழும் சேதத்தை விலக்கியே வைத்துள்ளன. கையொப்பமிட்ட தாளைப் பிள்ளையும் பெற்றோரும் சேர்ந்து வாசிக்க வேண்டும். வந்தேறிய நாட்டில் ஒரு தீவிபத்தின் கடன் ஒரு குடும்பத்தைப் பல ஆண்டுகள் அழுத்தக்கூடியது.

பெற்றோருக்கு

நாம் விடைபெறும் வேளையில் தாயார் தேநீரோடு கராஜிற்கு வந்தார். "அங்கே இவர் மண்ணெண்ணெயோடு மல்லுக்கட்டின காலத்திலும் நான் நித்திரை கொள்ளவில்லை. இங்கே மகன் பெற்றோலோடு. எனக்கு எப்போதுதான் நித்திரை?" என்று சிரித்தபடியே கேட்டார். மகன் அவரைக் காரின் அருகே அழைத்துச்சென்று, குழாய் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது, இடையில் ஏன் மூட்டில்லை, மோதினால் பம்பி எவ்வாறு நிற்கும் என்று ஒவ்வொன்றாகக் காட்டினார். தாயார் குனிந்து பார்த்தார். "இவ்வளவையும் முதலே சொல்லியிருக்கலாமே" என்றார்.

அந்த ஒரு வார்த்தையையே வாசகர்களிடம் நாம் கொண்டுவந்துள்ளோம். பிள்ளைகளின் கராஜிற்குப் பெற்றோர் ஒருமுறையேனும் செல்லுங்கள். திட்டுவதற்காக அல்ல, கேட்பதற்காக. "இந்தக் குழாயில் என்ன எழுதியிருக்கிறது? மூட்டு எங்கே இருக்கிறது? மோதினால் பம்பி நிற்குமா?" இந்த மூன்று கேள்விகளுக்கும் பிள்ளை விடை சொன்னால் நிம்மதியாகத் திரும்பி வாருங்கள். விடை இல்லையென்றால், விடை கிடைக்கும்வரை அந்த வண்டி தாங்கிகளின் மேலேயே நிற்கட்டும்.

பழைய இறப்பர் குழாய் இப்போது அந்தக் கராஜின் சுவரில், வாசலுக்கு நேரே தொங்குகிறது.